உப்பு ஐயாவின் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும்

எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையில் மிஷின்களைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரருக்கு ஒரு பெயர் இருந்தது. அப்படியொரு பெயரை நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அதை இங்கே எழுதப் போவதில்லை. அது அன்றைக்கே என் வாயில் நுழையவில்லை என்பது ஒரு காரணம். அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்பது இன்னொரு காரணம். ஆறவும் வேண்டாம்.

அவர் இங்கிலீஷ்காரர் இல்லை, செக் நாட்டுக்காரர். அவர் நாட்டை ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டிருந்ததால், ஜப்பான்காரன் வந்ததும் அவரை எதிரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. மற்ற துரைமார்களெல்லாம் பிடிபட்டோ ஓடியோ போய்விட, இவர் மட்டும் ஆலையிலேயே இருந்தார். ஆலை பாதி நாள் ஓடும், பாதி நாள் சும்மா கிடக்கும். உறைந்த ரப்பர் பால்கட்டியை மிஷினில் கொடுத்து ஷீட் இழுக்கிற வேலை எனக்கு. மிஷின் நின்றால் அவர் பேச ஆரம்பித்துவிடுவார். மலாயும் தோட்டத்துத் தமிழும் கலந்து ஒரு பாஷை வைத்திருந்தார். அவருக்குப் பிடித்த பேச்சு அவர் பெயர்தான்.

"என் பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? உப்பை நீயே போட்டுக்கோ!"

முதலில் நாங்கள் நம்பவில்லை. அவருடைய முப்பாட்டனுக்கு முப்பாட்டன் வழிப்போக்கர்களுக்குச் சோறு போடுகிற கடை வைத்திருந்தாராம். ஒருவன் சாப்பிட்டுவிட்டு, சாற்றில் உப்பே இல்லை என்று சத்தம் போட்டிருக்கிறான். கிழவர் உப்புப் பெட்டியை அவன் முன்னால் தள்ளி, உனக்கு வேண்டுமானால் நீயே போட்டுக்கொள் என்றாராம். ஊரே சிரித்துச் சிரித்து அந்த வாக்கியத்தையே அவருக்குப் பெயராக்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் இப்படி யாரோ சொன்ன ஒரு பேச்சே முழுசாகப் பெயராய்ப் போவது உண்டாம். மகன், பேரன் என்று அது இறங்கி இறங்கி வந்திருக்கிறது. அவர் நாட்டிலேயே நாலைந்து வீடுகளில்தான் அந்தப் பெயர். எங்காவது கல்லறையில் அதைப் பார்த்தால், உள்ளே கிடப்பவர் தன் சொந்தக்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்பார்.

அன்றையிலிருந்து அவர் எங்களுக்கு உப்பு ஐயா. சண்டை வரும் முன்பே கப்பலேறிவிட்ட அவர் மனைவிக்கும் அதே பெயர்தான் என்று அவர் சொன்னபோது பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டோம். அந்த அம்மாள் தன்னை யாரென்று கேட்டால் புருஷன் பெயரையா சொல்வாள்?

எங்களுக்கு அது நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம். புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொன்னால் அவர்கள் ஆயுள் குறையும் என்று வளர்த்துவைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு முருகன் பெயர்களில் ஒன்று. நான் கோயிலில்கூட அந்தப் பெயரை விழுங்கிவிட்டு, "வேலைப் பிடிச்சவரே" என்றுதான் கும்பிடுவேன். வீட்டில் அவர் எனக்கு "ஏங்க". நான் அவருக்கு "புள்ள".

அவர் நல்ல மனிதர். உப்புக்குப் பஞ்சம் வந்தபோது சைக்கிளில் சி ரூசா கடற்கரை வரைக்கும் போய், கடல் தண்ணீரைத் தகரத்தில் காய்ச்சி உப்பு எடுத்து வருவார். கண்ணெல்லாம் புகையில் சிவந்திருக்கும். அதில் ஒரு பொட்டலத்தை இலையில் மடித்து உப்பு ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். "ஐயா, ஒங்க பேருக்கு ஏத்த சாமான்" என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்த மனிதர் தின்றது எங்கள் உப்பு. அதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என் வீட்டுக்காரர் பெயரில் மொத்தம் மூன்று பேர். குடும்பப் பெயர் என்று எங்களுக்கு ஒன்றும் கிடையாது. அப்பன் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் எந்த ஆள் என்று பிரித்தெடுக்க முடியும். அந்த மூவரில் ஒருவன், எங்களை வேலை வாங்குகிற கங்காணியின் மருமகன். ஆள் தேக்கு மரம் மாதிரி இருப்பான்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. ஒருநாள் ஜப்பான் ஆபீசர் ஆலைக்கு வந்தான். கங்காணி மருமகன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். பெயர் கேட்டான், இவன் வேண்டும் என்றான். நான் மிஷினருகில் நின்று பார்த்தேன். ஆபீசருக்குப் பக்கத்திலேயே உப்பு ஐயா நின்றார். அவரும் பார்த்தார்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையாக நின்றோம். அந்த ஆபீசர் வரவில்லை. துப்பாக்கியோடு சிப்பாய்களும், ஜப்பான் பாஷை தெரிந்த ஒரு தமிழ் ஆளும் லோரியில் வந்திருந்தார்கள். ஆலை ஓடுவதற்கு ஆள் இருக்கிறதா என்று பார்க்க முதலில் உப்பு ஐயாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் முன்னால் வந்தார். அந்தப் பெயருக்கு இந்த நாட்டிலேயே அவர் ஒருவர்தான். அவரை ஓரமாக நிறுத்தினார்கள். அடுத்து, சயாமுக்குப் போகிறவர்கள். என் வீட்டுக்காரர் பெயர் வந்தது. அப்பன் பெயர் இல்லாத வெறும் பெயர்.

கங்காணி நேராக வந்து என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான். மருமகன் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டான்.

"இவரு இல்லீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். "நேத்து ஆபீசர் காட்டுனது இதே பேருல இருக்கற வேற ஆளு!"

கங்காணி திரும்பினான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. "அப்புடியா? ஒம் புருசன் பேரு என்னா, சொல்லு. அவங்கப்பன் பேரையும் சேத்துச் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்லா."

நான் சொல்லமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். எங்கள் வாய்க்கு நாங்களே போட்டுவைத்த பூட்டை நம்பித்தான் அந்தப் படுபாவி மருமகனைக் காப்பாற்ற வந்திருந்தான்.

சொன்னேன். மாமனார் பெயரையும் சேர்த்து, களம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

கங்காணி ஒரு நொடிதான் தடுமாறினான். பிறகு அந்தத் தமிழ் ஆளிடம் திரும்பினான். "பாத்தீங்களா? கட்டுன புருசன் பேர வாயால சொல்ற பொம்பள நம்ம ஆளுங்கள்ல உண்டா? இவ அவன் பொண்டாட்டியே இல்லீங்க. பொய் சொல்றா."

அந்தத் தமிழ் ஆள் தலையாட்டினான். அவன் வீட்டிலும் "ஏங்க" என்று ஒருத்தி இருந்திருப்பாள். அவனுக்கு அது நியாயமாகவே பட்டது. சொல்லாவிட்டால் என் புருஷன் போகவேண்டும், சொன்னால் நான் பெண்டாட்டியே இல்லை. என்ன அழகான வழக்கம்!

நான் உப்பு ஐயா பக்கம் ஓடினேன். "ஐயா, நீங்க பாத்தீங்கல்ல? ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா!"

அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். அவருக்கும் பயம் இருந்திருக்கும். இருக்கட்டும். ஒரு வார்த்தைதான் கேட்டேன். கிழவர் அன்று உப்புப் பெட்டியைத் தள்ளிய மாதிரி, உன் பாட்டை நீயே பார்த்துக்கொள் என்று பேரன் நின்றார். அவ்வளவு அபூர்வமான பெயருக்கு அவர் கொஞ்சமும் மாசு சேர்க்கவில்லை.

என் வீட்டுக்காரரை லோரியில் ஏற்றினார்கள். நான் பின்னாலேயே ஓடினேன், மாமியாரும் ஓடிவந்தாள். அவர் லோரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அழவில்லை. முகத்தில் ஒரு மாதிரியான வெட்கம், கல்யாணத்தன்று பார்த்தது.

"நீ சொல்லி இன்னிக்குத்தான் கேட்டேன்" என்றார். "இன்னொரு தரம் சொல்லு புள்ள."

வாயைத் திறந்தேன். மாமியாரின் கை வந்து என் வாயை அடைத்தது. "போதும்டி, எம்புள்ளயக் கொன்னுறாத!" என்று அலறினாள். நான் அந்தக் கையைக் கடித்தேன், அவள் விடவில்லை. லோரி திரும்பி ரப்பர் மரங்களுக்குள் மறைந்தது.

அவர் திரும்பவில்லை. கங்காணி மருமகன் பேரன் பேத்தி எடுத்து, கட்டிலில் செத்தான். நான் பெயர் சொன்னதால்தான் அவர் உயிர் போயிற்று என்று மாமியார் தான் சாகிறவரைக்கும் சொன்னாள். லயத்துப் பெண்களும் சொன்னார்கள். நல்ல காரியங்களுக்கு என்னை அழைக்காமல் இருக்க அதுவே காரணமாயிற்று. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நான் சொன்னது களத்தில், ஊருக்காக. அவர் தனக்காகக் கேட்டது ஒரே ஒரு தரம். அதை என்னைச் சொல்ல விடவில்லை நீங்கள்.