டீக்கடைக்குப் போன கழிப்பறைக் கதவு

வெளியூர் வேலைக்குப் போகும் நாளில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. போகிற இடத்தில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று பழகிப்போன எச்சரிக்கை அது. அன்று நான் குடியிருக்கும் லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறும்போதே வாய் உலர்ந்திருந்தது.

மார்ச் மாதக் கடைசி நாள். அரசுப் பணத்தோடு புழங்குகிறவர்களுக்கு ஓட்டமும் நடையுமான நாள். மாலை ஐந்து மணிக்குள் பட்டுவாடா ஆகாத தொகை கஜானாவுக்குத் திரும்பிவிடும். அதன்பிறகு யார் காலில் விழுந்தாலும் வராது. அந்தப் பணத்தைப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, ஒழுங்காகச் செலவாகிறதா என்று கண்காணிக்கிற மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது. புகார் வந்தால் நேரில் போய்ப் பார்ப்பது என் வேலை. கன்னடமும் தமிழும் தெரியும் என்பதால் எல்லையோர ஆனேக்கல் பக்கம் என்றாலே என்னைத்தான் விரட்டுவார்கள்.

அங்கே ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டி முடித்திருந்தார்கள். பதிவான இடத்தில் நின்று அதை எங்கள் ஆப்பில் படமெடுத்து ஏற்றினால்தான் கடைசித் தவணை போகும். தலைமை ஆசிரியை எத்தனை முறை ஏற்றினாலும் 'இடம் பொருந்தவில்லை' என்று சிவப்பாக வந்து நின்றது. பணம் வராத கோபத்தில் கான்ட்ராக்டர் பூட்டுப் போட்டுவிட்டார். பழைய கழிப்பறையை ஏற்கெனவே இடித்தாயிற்று.

நான் போனதும் தலைமை ஆசிரியை ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

"எங்க பிள்ளைங்களும் குடிக்கிறதில்லம்மா," என்றார். "பரீட்சை ஹால்ல ஒண்ணு மயங்கியே விழுந்துடுச்சு. இன்னொருத்தி வர்றதையே நிறுத்திட்டா."

வரைபடத்தைத் திறந்தேன். பள்ளிக்குப் பதிலாக, பஸ் நிறுத்தத்து டீக்கடைமேல் புள்ளி இருந்தது. இடத்தைப் பதிய வந்த இன்ஜினியர், அன்றைக்குப் பள்ளியில் சிக்னல் கிடைக்காததால் டீக்கடைக்குப் போய்ப் பட்டனை அழுத்தியிருக்கிறார். அவர் உட்கார்ந்து டீ குடித்த இடத்தைத்தான் எங்கள் மென்பொருள் கழிப்பறை என்று பிடித்துக்கொண்டது.

புள்ளியை நகர்த்தக் கல்வித் துறை இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். அவர் ஆண்டு இறுதிக் கூட்டத்தில், போன் அணைந்திருந்தது. என் மேனேஜரோ எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவரை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

கழிப்பறையின் படத்தை டீக்கடையில் வைத்து மறுபடி படமெடுத்தால் என்ன என்று, பக்கத்தில் நின்றிருந்த கான்ட்ராக்டர் கேட்டார். படத்தைப் படமெடுத்தால் ஆப் கண்டுபிடித்துவிடும், அதற்கும் சோதனை வைத்திருக்கிறோம் என்றேன். அந்த நேரத்திலும் அதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது. என்ன பெருமையோ.

"போட்டோல என்னதான் மேடம் தெரியணும்?"

கதவும் அதில் எழுதிய திட்டத்தின் பெயரும் என்றேன், அவர் எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்காமல். அவர் கதவையே பார்த்தார். தலைமை ஆசிரியையும் அதையே பார்த்தார்.

"கழட்டுங்க," என்றார் தலைமை ஆசிரியை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது மோசடி, தெரிந்தால் என் வேலை போய்விடும் என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"கட்டின கக்கூஸக் கட்டலன்னு சொல்றது உங்க ஆப்புதாம்மா. நான் எந்தப் பொய்யும் சொல்லல."

கீல்களைக் கழற்றிக் கதவை லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றினார்கள். பரீட்சை முடிந்து வந்த பிள்ளைகள், கதவும் போகிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. தலைமை ஆசிரியையோடு நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

டீக்கடைக்காரர் பெஞ்சை நகர்த்தி இடம் கொடுத்தார். கதவைச் சுவரில் சாய்த்தோம். தலைமை ஆசிரியை அவசரத்தில் எடுத்த முதல் படம் கலங்கிப்போனது. இரண்டாவதில் கடையில் தொங்கிய வாழைப்பழத்தாரும் சேர்ந்து விழுந்துவிட்டது. மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது படத்தை ஏற்றியதும் திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பச்சை வந்தது. 'பணியிடம் சரிபார்க்கப்பட்டது.'

இனி பணத்தை விடுவிக்கக் கல்வி அலுவலகத்தில் ஒருவர் பட்டனை அழுத்த வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் நான் யாரையும் பார்க்கவில்லை. கான்ட்ராக்டரின் போனில் வங்கிச் செய்தி வந்தபோது அவர் கதவின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை நான் பிடித்தேன்.

திரும்பிப் போனபோது பிள்ளைகள் யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. கதவை மாட்டும்வரை வரிசையில் நின்றார்கள். முதல் பெண் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. தலைமை ஆசிரியை அதே டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினார்.

ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டேன்.