ஏற்றத்தில் எடுத்த தண்ணீர்

அவளுக்குப் பூச்சியக்கா என்று பட்டப்பெயர் வைத்தவன் சொந்தத் தம்பிதான். நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை நட்டுக்கொண்டு, கழிமுகத்துத் தண்ணீரில் மிதக்கும் பொடி உயிர்களை வகை பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. பிளாங்க்டன் என்று எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தாள். அவன் வாயில் பூச்சிதான் வந்தது.

"என்னக்கா, உன் பூச்சிங்க என்ன சொல்லுது?" என்பான், வீட்டுக்கு வரும்போதெல்லாம்.

"பல வகையும் கலந்து இருக்குடா. தண்ணி நல்லாத்தான் இருக்கு."

அதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பல வகை கூடி வாழ்ந்தால் தண்ணீருக்கு நோயில்லை; ஒரே வகை மட்டும் மொய்த்தால் சீக்கு. அக்கா வாக்கை நம்பித்தான் தம்பி கூலிக்குப் படகோட்டுவதை விட்டான். கழிமுகத்தின் உள்ளோடையில் கம்பு நட்டு, கயிறு கட்டி, சிப்பி வளர்க்க இறங்கினான். அவனும் மனைவியும் நம்பியிருந்தது அது ஒன்றைத்தான்.

கூடத்துப் படகு கனமானது. தண்ணீர் வற்றினால் உள்ளோடைச் சேற்றில் தட்டிவிடும். அதனால் கடல் ஏறி உள்ளே வரும் ஏற்ற நேரம் பார்த்துப் போய், பாட்டிலை நிரப்பிக்கொண்டு, வற்றுவதற்குள் திரும்பிவிடுவார்கள். அது வழக்கம். இந்த வழக்கம் என்ற சொல்லுக்குள் எவ்வளவு சோம்பேறித்தனம் வேண்டுமானாலும் படுத்துத் தூங்கலாம்!

அந்த வாரம் நடு ஓடையில் எஞ்சின் மக்கர் பண்ணியது. படகுக்காரர் திட்டிக்கொண்டே அதைச் சரி செய்வதற்குள் தண்ணீர் வற்றிவிட்டது. வெறுங்கையோடு போவானேன் என்று, எஞ்சியிருந்த கலங்கலிலேயே பாட்டிலை முக்கி எடுத்து வந்தார்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவள் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். ஒரே வகை. நூல் நூலாக நீலப்பச்சைப் பாசி, வேறு எதற்கும் இடம் விடாமல். ஓடையில் கலக்கும் நகரத்துச் சாக்கடையைத் தின்று கொழுத்த கூட்டம் அது. இத்தனை வருஷமும் அவள் பார்த்தது ஏற்றத்தோடு உள்ளே வந்துபோகும் கடல்தண்ணீரை. விருந்தாளியின் நாடியைப் பிடித்துவிட்டு, வீட்டுக்காரருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்ன கதைதான்.

மேலதிகாரியிடம் ஓடினாள்.

"வத்தின தண்ணிய எதுக்கும்மா எடுத்தீங்க? பழைய முடிவுகளோட ஒத்துப் போகாது. கொட்டிட்டு, அடுத்த ஏத்தத்துல போய் எடுங்க," என்றார் அவர். அதற்கு மேல் பேசினால் செவிடன் காதில் ஊதிய சங்கு.

அன்று சாயங்காலமே தம்பியைத் தேடிப் போனாள். கரையில் உட்கார்ந்து கயிறு முடிந்துகொண்டிருந்தான்.

"உள்ளோடை பூரா ஒரே பச்சைப் பாசிடா. சிப்பிய கடலோரமா வெளிவாய்ப் பக்கம் மாத்திடு. காத்து நின்னுபோனா இந்தத் தண்ணியில மூச்சே இருக்காது."

"பச்சையா இருந்தா சிப்பிக்குத் தீனிதானே? நீதானேக்கா சொன்ன."

"தப்பா சொல்லிட்டேன்டா."

அவன் சிரித்தான். "இத்தனை வருஷம் பாத்துச் சொன்னது தப்பு, இன்னிக்கு ஒரு பாட்டில் பாத்துச் சொல்றது சரியா? நீ பயந்தாங்கொள்ளிக்கா. போய்த் தூங்கு."

அவளுடைய பழைய வாக்கே அவளுக்கு எதிராக நின்றது. இத்தனை வருஷமும் ஏற்றத் தண்ணீரை மட்டும்தான் பார்த்தேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கம் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தாள். அவன் அசையவில்லை.

காற்று நின்றுபோனது. வெயில் கொளுத்திய நாட்களில் ஓடை அசையாமல் கிடந்தது. ஒரு காலையில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. பிறகு கயிறு கயிறாகச் சிப்பிகள் வாய் பிளந்தன. நாற்றம் தெருமுனை வரை வந்தது.

அவள் போனபோது தம்பி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கயிறுகளை அறுத்துக்கொண்டிருந்தான். கரையிலிருந்த ஒருவர் பூச்சியக்காவைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். "அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க. முன்னாடியே சொல்லுச்சு, நான்தான் கேக்கல," என்றான் தம்பி. அதைக் கேட்டதற்கு அவன் அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

சேலையோடு தண்ணீரில் இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றாள். ஏற்றத்தைப் பற்றியும் படகைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டான். கோபப்படவில்லை.

"அப்ப எங்க தண்ணிய இதுவரைக்கும் யாருமே பாக்கலையாக்கா?"