இடக்கை வெற்றிலை

குருநகர் கிறகோரியை எனக்குப் பிடிக்காது. அதை முதலே சொல்லிவிடுகிறேன். பெரியகடைப் பக்கம் இருபது வருடமாக அவர் படம் பிடிக்கிறார், நான் சுவர் கட்டுகிறேன். அவர் வந்தால் கடைக்காரர்கள் ‘மாஸ்ரர்’ என்று எழும்புவார்கள். என்னை ‘மேசன்’ என்று கூப்பிடுவார்கள், எழும்ப மாட்டார்கள்.

தகப்பன் அவருக்கு விட்டுப்போனது ஒரு மரப்பெட்டி. அதற்குள் பஞ்சு சுற்றிய கண்ணாடித் தகடுகள். அந்தக் காலத்துப் பட்டணத்துக் கட்டடங்கள் அவ்வளவும் அதில் படமாக இருந்தன. ஷெல் வந்தால் சனம் நகையைத் தூக்கும். இவர் பெட்டியைத் தூக்குவார்.

எண்பத்தெட்டில், உடைந்த தன் புடவைக்கடை முகப்பைப் பாட்டன் காலத்து மாதிரிக் கட்டித்தரச் சொன்னார் நமசிவாயம் முதலாளி. அப்போதிருந்த கல் படிக்கட்டும் வேண்டுமாம். அது இடப்பக்கம் என்றேன். தெரு அகலித்தபோது அதை உடைத்தவரே என் தகப்பன்தான்.

கண்ணாடித் தகடொன்றிலிருந்து கிறகோரி அடித்துக் கொடுத்த படத்தை முதலாளி நீட்டினார். படி வலப்பக்கம் இருந்தது.

“படம் பொய் சொல்லுமே? மாஸ்ரர் தந்தது. உந்தப் படத்தைப் பாத்துக் கட்டும்.”

பார்த்தேன். வாசலில் பாட்டனார் ஒருவருக்கு வெற்றிலை கொடுக்கிறார். இடக்கையால்! எந்த வியாபாரி அப்படிக் கொடுப்பான்? தகட்டை மறுபுறம் திருப்பி வைத்து அடித்திருக்கிறார் மனுசன். பெயர்ப்பலகை தெரிந்திருந்தால் எழுத்தே காட்டிக் கொடுத்திருக்கும்.

படத்தில் இருந்தபடியே வலப்பக்கம் கட்டத் தொடங்கினேன். கட்டி முடியட்டும், பிறகு மாஸ்ரரின் பெயர் நாறட்டும் என்றிருந்தேன். ஆனால் பிழை என்று தெரிந்து கல் வைக்கக் கை கூசியது. ஐந்தாம் நாள் கிறகோரி வந்தபோது நாலு பேர் கேட்கக் கத்தினேன்.

“மாஸ்ரர், முதலாளியின்ரை பாட்டனார் என்ன, பீச்சைக்கையாலையோ வெத்திலை குடுத்தவர்?”

படத்தை வாங்கிப் பார்த்தார். முகம் கறுக்கும் என்று காத்திருந்தேன். மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“மாதாவே! திருப்பியெல்லோ அடிச்சுப்போட்டன். மேசன் அண்ணை சொன்னதுதான் சரி.”

முதலாளி உருகிப்போனார். “பாத்தியளே, பிழையை ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு!” பிறகு என் பக்கம் திரும்பினார். “உமக்கு உந்தப் பிழையை முதலே சொல்ல வாயில்லையோ?”

வலப்பக்கம் நெஞ்சளவு எழும்பியிருந்த சுவரை இரண்டு நாள் நின்று உடைத்தேன். இடப்பக்கம் படி எழும்பியது.

வேலை முடிந்ததும் கிறகோரி பெட்டிக்கமராவோடு வந்து, என்னைப் படியில் நிற்கச் சொன்னார்.

“வலக்கையைத் தூக்கும் அண்ணை, திருப்பி அடிச்சால் தெரியவேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்தப் படம் கடையில் தொங்குகிறது. படி நான் கட்டியது. நிற்பதும் நான். கீழே இருக்கிற பெயர் கிறகோரி.