துறையடிப் பிட்டும் ஒரு இறாலும்

இன்று காலை அடுப்படியில் பிட்டும் இறால் கறியும் மணந்தபோது, பாலம் வருவதற்கு முன் வாவியைக் கடக்க நாங்கள் ஏறும் பாதை என்ற பெரிய படகும், அந்தத் துறையடியில் ஊரே மாமி என்று கூப்பிட்ட பெண்ணின் ஓலைக் கடையும், வாழையிலையில் ஆவி பறக்க அவ கொட்டும் பிட்டும் நினைவில் வந்து நின்றன.

வெள்ளிக்கிழமைகளில் அக்கரை அம்மாள் கோயிலுக்குப் போவோருக்கு வாழைக்காய்ப் பால்கறி ஒரு சட்டியில், மீன்காரருக்கு இறால் கறி வேறு சட்டியில். அப்பாவின் காய்ச்சல் மாறியதற்கு நேர்த்திக்கடன் தீர்க்கப் போன ஒன்பது வயது எனக்கு, அன்று சட்டி மாறிவிட்டது. அப்பா பார்க்கும்போது இலையில் இறால் வால்தான் கிடந்தது.

"மாமி, நேர்த்திக்குப் போற புள்ளைக்கு என்னத்தக் குடுத்தீங்க!"

"ஐயோ மருமகன், அவசரத்துல மாறிட்டு. புள்ள, ஓடிப்போய்த் தண்ணியில முழுகிட்டு வா. அம்மாளும் இந்த வாவிக்கரையிலதானே இருக்கா, இறால் மணம் அவவுக்குத் தெரியாதா?"

பாதைக்காரர் எனக்காகக் காத்து நின்று, "நல்லா முழுகு, வாலும் போகட்டும்" என்று சிரித்தார். எனக்கோ, அப்பாவின் காய்ச்சல் திரும்பிவிடுமோ என்று பயம். ஈரச்சட்டையோடு அம்மாள் முன் நின்று, மெதுவாக உண்மையைச் சொன்னேன்: முதல் வாயிலேயே இறால் என்று தெரியும் தாயே, ருசியில் நிறுத்த முடியவில்லை.

அதன் பிறகு அப்பாவுக்கு அந்தக் காய்ச்சல் வரவேயில்லை. அம்மாள் பொறுத்துக்கொண்டா.