மூன்றாவது தோணி

சந்திரனுக்கு ஆள் அனுப்பும் பேச்சு வானொலியில் ஓயாதிருந்த காலம். கொக்கட்டிச்சோலைக்குப் போக வாவிக்கரையில் நின்றிருந்தேன். இரண்டு தோணிகளின் மேல் பலகை அடித்த 'பாதை'யில்தான் அக்கரை போவோம். நெல் லொறி ஏற்றுவதற்காக அன்று மூன்றாவது தோணியையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். காற்று பலமாக இருந்தது. லொறி ஏறியதும் சனமும் ஏறப்போனது.

பேசும்போதும் ட்ரான்சிஸ்டரைக் காதிலிருந்து எடுக்காத நெட்டை மனிதர் ஒருவர் குறுக்கே கையை நீட்டினார்.

"ஒருவரும் ஏறாதீங்க. சந்திர றொக்கெற்றையும் இப்பிடித்தான், பழைய எரிபொருள் தாங்கிகளச் சேத்துக் கட்டிப் பெருப்பிச்சவங்க. முதல்ல அதில ஆக்களயா ஏத்தினவங்க? மேல தண்ணிய நிரப்பி அனுப்பிப் பாத்தவங்க."

"அப்ப நான் ஆளில்லையா அண்ணன்?" என்றான் பாதையைச் செலுத்தும் பாதைக்காரன்.

அவர் ட்ரான்சிஸ்டரை என் கையில் திணித்துவிட்டு, மூன்றாவது தோணிப் பக்கமாக ஏறி நின்றார்.

நடு வாவியில் பாதை ஒருபுறம் சாய்ந்தது. மெல்ல நிமிர்ந்து, அக்கரை சேர்ந்தது.

அதே பாதையில் திரும்பி வந்தவரின் வேட்டி இடுப்புவரை நனைந்திருந்தது.

"நீந்தத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கெங்க தெரியும்," என்றவர், ட்ரான்சிஸ்டரை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு சனத்தைப் பார்த்தார்.

"இனி ஏறுங்க."