போட்டு வாறன் என்று சொன்னவன்

2012இல், குளிர்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஷிப்ட் முடிந்ததும் நானும் அவனும் டண்டினொங்கில் ரயிலேறி மெல்பேர்ண் நகரத்துக்குப் போனோம். அங்கே ஒரு பழைய பப்பில் எங்கள் களஞ்சியத்தில் வேலையை மேற்பார்க்கும் போர்மன் காத்திருந்தார். அவன் என்னோடு ஒரே மேசையில் பொதி கட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை இலங்கைக்குப் பறக்கவிருந்தான். போர்மனைப் பொறுத்தவரை அது ஆறு கிழமை லீவு. நகரத்துப் பப் ஒன்றுக்குள் தான் போனதேயில்லை என்று அவன் ஒருமுறை சொல்லியிருந்ததால், போகுமுன் ஒரு நாள் வா என்று அழைத்திருந்தார்.

உண்மை வேறு. படகில் வந்து, தற்காலிக விசாவில் வேலை செய்தவன் அவன். ஊரில் அவன் மனைவிக்குச் சிறுநீரகங்கள் பழுதாகி, கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. ஆறு வயது மகளை அயலவர்கள் மாறி மாறிப் பார்த்தார்கள். தானாகத் திரும்பிப் போகும் படிவத்தில் அவன் கையெழுத்து வைத்துவிட்டான். விமானம் ஏறினால் விசா முடிந்துவிடும். மறுபடி வர வழியில்லை.

ரயிலில் சொன்னான்: “அண்ணை, நான் திரும்பி வரமாட்டன் எண்டதை நீங்கள்தான் அவருக்குச் சொல்லவேணும். லீவுப் படிவத்தில பொய்த் திகதி போட்டிட்டன். என்ர இங்கிலீஷில சொன்னா அது கோவமா வந்திடும்.”

கொழும்பில் பதினொரு ஆண்டுகள் பத்திரிகை மேசையில் இருந்து மற்றவர்களின் செய்திகளைத் திருத்தியவன் நான். ஒன்றைப் பிழையில்லாமல் சொல்வது எனக்குப் பழகிய வேலை. ஓம் என்றேன்.

பப்பின் வெளிச்சுவர் கருங்கல். உள்ளே நெஞ்சு உயரம் வரை பச்சை ஓடுகள். மதுமேசையின் அடியில் கால் வைக்கும் பித்தளைக் கம்பி நடுப்பகுதியில் மட்டும் தேய்ந்திருந்தது. ஒரு காலத்தில் மாலை ஆறு மணிக்கே பப்புகளை மூடுவார்களாம். ஐந்து மணிக்கு வேலை விட்டு வருகிறவர்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்த மட்டும் குடிப்பார்களாம். பிறகு தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கழுவிவிடத்தான் சுவரில் ஓடு என்றார் போர்மன். அவருடைய அப்பாவும் இங்கே நின்று குடித்தவர். எந்த இடத்தில் என்பதையும் காட்டினார்.

சாப்பாட்டு அட்டையை அவன் என்னிடம் நீட்டினான். “இண்டைக்கு வெள்ளி அண்ணை. மச்சம் மாமிசம் இல்லாமல் என்ன இருக்கு?”

“உருளைக்கிழங்குப் பொரியல்தான். பியர் மச்சமில்லையோ?”

“பார்லிதானே. அது மரக்கறி.”

போர்மன் ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவரும் சிரித்துவிட்டு, தன்னுடைய கோழியைச் சற்றுத் தள்ளி வைத்தார். அவன் மிளகாய் கேட்டபோது பரிமாறும் பெண் சிவப்பாக ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். பொரியலில் தோய்த்துத் தின்றவன், “இது ஜாம்” என்றான். ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

பாதியில் அவனுக்கு ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. எழுந்து வாசலுக்குப் போனான். போகும்போது என்னைப் பார்த்தான்.

மூன்று வசனங்களில் சொன்னேன். அவன் திரும்பி வரமாட்டான். மனைவி சாகக் கிடக்கிறாள். இறங்கியதும், படகில் போனவன் என்று அங்கே பொலிசார் அவனை விசாரிப்பார்கள், அதன்பின் என்ன நடக்கும் என்று அவனுக்கே தெரியாது.

போர்மன் கிளாசுக்கு அடியில் இருந்த மட்டையை எடுத்து இரண்டாக மடித்தார். “திரும்பும் திகதி எழுதித் தந்திருக்கிறானே” என்றார்.

“அது பொய்.”

அவன் வந்து உட்கார்ந்ததும் அவர் பேச்சை மாற்றினார். அவுஸ்திரேலியக் காற்பந்து பற்றிப் பேசினார். அது எங்கள் இருவருக்கும் விளங்காத விளையாட்டு. தலையாட்டினோம்.

வாசலில் விடைபெறும்போது அவன் போர்மனின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: “போஸ், ஐ கோ அண்ட் கம்.”

போர்மனின் முகம் மாறியது. அச்சுப் பிழை ஒன்றைக் கண்டுபிடித்தவர் போல என் பக்கம் திரும்பினார். “கேட்டாயா? வருகிறானாம். நீ பிழையாக விளங்கியிருக்கிறாய், மேட்.” பிறகு அவனுடைய தோளைத் தட்டி, “உன் லொக்கரை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன்” என்றார்.

அந்த இடத்திலேயே திருத்தியிருக்கலாம். அவன் சொன்னது ‘போட்டு வாறன்’, போய் வருகிறேன் என்பதுதான், எங்கள் பேச்சில் அதற்குத் திரும்பி வருவேன் என்று பொருளில்லை, கடைக்குப் பால் வாங்கப் போகிறவனும் அதைத்தான் சொல்வான், போகிறேன் என்று மட்டும் சொல்வது அபசகுனம் என்று ஒரு நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். நான் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

திரும்பும் ரயிலில் கேட்டேன். “ஏன் தம்பி அப்பிடிச் சொன்னனீ?”

“வேற என்னெண்டு அண்ணை சொல்லுறது? போறன் எண்டோ?”

“அந்தாள் நம்பியிட்டுது.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.  “அவராவது நம்பட்டும்.”

ஊருக்குப் போய்ப் பத்தாம் நாள் தொலைபேசியில் ஒருமுறை பேசினான். விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்களாம். மனைவிக்குக் கால்கள் வீங்கியிருக்கின்றனவாம். மகள் முதலில் கிட்ட வரவில்லையாம். அடுத்த மாதம் அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

போர்மன் திங்கட்கிழமைகளில் என்னைக் கேட்பார், ஏதாவது தெரியுமா என்று. ஆறு கிழமை முடிந்தது. நான்கு மாதங்களும் முடிந்தன. லொக்கர் கதவில் அவன் பெயர் எழுதிய நாடா அப்படியே இருந்தது. கோடை தொடங்கியபோது புதிதாக ஒருவர் சேர்ந்தார். காலியான லொக்கர் இல்லை. அன்றைக்குத்தான் போர்மனின் அறைக்குப் போய், அவன் வாசலில் சொன்ன வார்த்தை எங்களிடம் எப்படிப் புழங்குகிறது என்று சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “அப்படியென்றால், திரும்பி வராதவர்கள் என்ன சொல்வார்கள்?”

“அதையேதான்.”

ஆணியில் தொங்கிய அவனுடைய லொக்கர்ச் சாவியை எடுத்தார். சற்று நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதை அதே ஆணியில் மாட்டிவிட்டு, புதியவரின் பையை என் லொக்கரில் வைக்க இடம் இருக்குமா என்று கேட்டார்.

இருக்கும் என்றேன்.