டேங்குக்கு அச்செடுத்தவர்

எங்கள் தெருவில் பல்செட் செய்பவர் ஒருவர் இருக்கிறார். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாய்க்குள் பசை போன்ற மாவை வைத்து அச்செடுத்து இவருக்கு அனுப்புவார்கள். இவர் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, யாரென்றே தெரியாத ஒருவருடைய ஈறுகளை மேசைமேல் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் பல்வரிசையைச் செய்து கொடுப்பார். ஊரில் பாதிப் பேர் இவர் புண்ணியத்தில்தான் சிரிக்கிறார்கள். இவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் குறைவு. யாருக்கும் இவரைத் தெரியாது.

விமானம் கட்டத் தொடங்கிய பிறகுதான் தெருவுக்கே தெரிந்தது, இப்படியும் ஒருவர் இருக்கிறார் என்று.

இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். அலுமினியக் குழாய்களால் ஒரு கூடு, மேலே துணி போர்த்திய இறக்கை, இறக்கைக்குப் பின்னால் எஞ்சினும் காற்றாடியும். வரைபடத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, கார் ஷெட்டில் வைத்து ஒவ்வொரு ஆணியாகக் கோத்தார். கார் தெருவில் நின்று வெயிலில் வெளுத்தது. அவருடைய மனைவி அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் ஷெட்டுக்குள் வந்து, சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்து, ஒரே ஒரு குறைதான் சொன்னார்: முழங்கால் இடிக்கிறது.

முழங்காலில் இடித்தது பெட்ரோல் டேங்க். அதை அங்கே வைக்கச் சொன்ன நிபுணர் கடல்தாண்டி இருந்தார், மனைவி பக்கத்தில் இருந்தார். டேங்க் சீட்டுகளுக்குப் பின்னால் போய்விட்டது. எடை, சமநிலை எல்லாவற்றையும் பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் மாற்றினார். டேங்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அங்கே உட்கார்ந்தது. ஒன்றைத்தான் அவர் யோசிக்கவில்லை. அதற்குள் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

ஊருக்கு வெளியே புல்தரையும் தகரக் கொட்டகையுமாக ஒரு பறக்கும் கிளப் இருந்தது. இறக்கைகளைக் கழற்றி, விமானத்தை லாரியில் அங்கே கொண்டுபோனார்கள். துணைக்கு வந்தவர் மனைவியின் தம்பி, பஸ் டிரைவர். எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம் என்று பெட்ரோல் கேனைத் தூக்கியபோதுதான் இருவருக்கும் விஷயம் புரிந்தது. டேங்கின் மூடி சீட்டுக்குப் பின்னால், ஒரு தலை நுழையும் சந்தில் இருந்தது.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி மண்டியிட்டு, தலையையும் ஒரு கையையும் சந்துக்குள் நுழைத்து, குழாய் செருகிய புனலைப் பிடித்துக்கொள்வார். மச்சான் கதவு வழியாகக் கேனைச் சாய்த்து ஊற்றுவார். டேங்க் நிறைந்துவிட்டதா என்று பார்க்க முடியாது. பெட்ரோல் சட்டைக் கழுத்துக்குள் இறங்கினால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். வெளியே நின்றவர்களுக்கு அவருடைய பின்பக்கம் மட்டும் தெரியும்.

"மாமா, பஸ்ஸுல ஒருத்தர் இப்படி ஏறினா நான் இறக்கி விட்டுடுவேன்," என்றார் மச்சான்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. என்னவென்று கேட்கவில்லை.

எஞ்சின் அருமையாக ஓடியது. ஆகவே வாராவாரம் ஓட்டிப் பார்த்தார், வாராவாரம் பெட்ரோலில் நனைந்தார். கொஞ்ச நாளில் ஒரு டாக்டரிடமிருந்து போன் வந்தது. புதுப் பல்செட் மாட்டிய ஒரு அம்மா, வாயைத் திறந்தால் பெட்ரோல் பங்க் வாசனை வருகிறது என்று சொல்கிறாராம். அதற்கும் அவர் அசரவில்லை. கையை இன்னும் நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

பறப்பதற்கு அனுமதி வேண்டும். அதற்கு அதிகாரி ஒருவர் வந்தார். மெலிந்த மனிதர், குரல் உயராது. போல்ட் போல்ட்டாகத் தொட்டுப் பார்த்து, தையல்களைத் தடவிப் பார்த்து, இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை என்று மனதாரச் சொன்னார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்பும்போது அதிகாரி சாதாரணமாகக் கேட்டார்.

"பெட்ரோல் எப்படி ஊத்துவீங்க?"

செய்து காட்டினார்கள். அதிகாரி முழுவதையும் பார்த்தார். இவர் முகம் சிவந்து வெளியே வரும்வரை காத்திருந்தார்.

"உள்ள சிந்துதே, அந்த ஆவி எங்க போகும்?"

"கதவு திறந்துதானே சார் இருக்கு."

"பறக்கும்போது மூடிக்குவீங்கல்ல. ஊத்துற வாய் வெளியில வரணும். அப்புறம் கூப்பிடுங்க, வர்றேன்."

அன்று வீட்டுக்கு வந்தவர், ஒரு போல்ட் மாட்டத் தெரியாதவன் எல்லாம் குறை சொல்ல வந்துவிட்டான் என்று ஆரம்பித்து, சாப்பிட்டு முடிக்கும்வரை நிறுத்தவில்லை. மனைவி பொறுமையாகக் கேட்டார்.

"அவர் சொல்றது சரிதாங்க. உங்க சட்டையத் துவைக்கிறவ நான்."

டேங்கின் கழுத்தை நீட்டி வெளியே கொண்டுவர ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது. கொண்டுவந்தார். ஆனால் அங்கே மேலே இறக்கை, முன்னால் இறக்கையைத் தாங்கும் கம்பி, பின்னால் காற்றாடி. நடுவே ஒரு கை நுழையும் இடைவெளியில் டேங்கின் வாய். கேனைச் சாய்க்க முடியாது. புனலை நிமிர்த்தி வைக்க முடியாது. கடையில் இருந்த புனல் எல்லாம் வாங்கினார். மச்சான் பஸ் டிப்போவிலிருந்து நீளமான ஒன்றைக் கொண்டுவந்தார். கைப்பம்பு வைத்தும் பார்த்தார்கள். குழாய் நழுவி மச்சானின் புது ஷூவைக் குளிப்பாட்டியது.

அடுத்த வாரம் அவர் பல் அச்செடுக்கும் மாவு மூட்டையோடு வந்தார். வாளியில் தண்ணீர் விட்டுக் குழைத்து, அந்த இடைவெளி முழுக்க அடைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இறுகும்வரை அப்படியே நிற்க வேண்டும். வாயருகில் நின்று வேலை செய்து பழக்கமே இல்லாத மனிதர், டாக்டர்கள் சொல்வதைப்போல மெதுவாகச் சொன்னார்:

"அசையாம இருங்க."

"வலிக்குதான்னு கேளுங்க மாமா," என்றார் மச்சான்.

அச்சு உடையாமல் வந்தது. அதில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்த கட்டியின்மேல் பித்தளைத் தகட்டை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி, பற்றவைத்து ஒரு புனல் செய்தார். பார்க்க யாரோ மிதித்துவிட்ட எக்காளம் மாதிரி இருந்தது. கம்பியைச் சுற்றி வளைந்து, இறக்கைக்கு அடியில் பதுங்கி, டேங்கின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. பெட்ரோல் ஓடும்போது பொறி எழாமலிருக்க, புனலிலிருந்து விமானத்தின் உடம்புக்கு ஒரு வயரும் மாட்டினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அதிகாரி வந்து பார்த்தார், தானே ஒரு கேன் ஊற்றிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அந்தப் புனலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

முதல் பறப்புக்குக் கிளப்பே திரண்டது. கிளப்பிலேயே ஓட்டக் கற்றிருந்தார். ஒழுங்காக ஏறி, ஒரு வட்டம் அடித்து, ஒழுங்காக இறங்கினார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே எப்படி இருந்தது என்று எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது என்றார். பிறகு மச்சானைப் பார்த்து, "அந்தக் கேனை எடு," என்றார். டேங்கில் குறைந்தது கொஞ்சம்தான். இருந்தாலும் புனலை மாட்டி அந்தக் கொஞ்சத்தையும் ஊற்றி நிரப்பினார். அப்போதுதான் அவர் முகம் மலர்ந்தது என்று மச்சான் என்னிடம் சொன்னார்.

பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். மேலே போனபின், ஓட்டுவதைத் தவிர கைக்கு வேலையே இல்லையாம். எல்லாம் சரியாக இருந்ததாம். அது ஒரு மாதிரி சங்கடமாக இருந்ததாம்.

அதன்பின் நடந்ததுதான் வேடிக்கை. சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் டேங்க் விஷயத்தில் ஒவ்வொரு விதமாக அவதிப்படுகிறார்கள் என்பது வெளியே வந்தது. ஒருவருக்கு ஏணி போட்டால்தான் எட்டும். இன்னொருவருக்குக் குப்புறப் படுத்தால்தான் எட்டும். அதிகாரி போகிற இடமெல்லாம் இவருடைய புனலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஆட்கள் தேடி வந்தார்கள். இவர் மாவு மூட்டையோடு ஊர் ஊராகப் போய், தெரியாத இறக்கைகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து அச்செடுத்தார். சட்டை முழுக்க மாவு. துவைப்பது இப்போது சுலபம் என்கிறார் மனைவி.

விமானத்தை மச்சான்தான் ஓட்டுகிறார். கற்றுக்கொண்டுவிட்டார். மனைவி சில ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியோடு ஏறிப் போகிறார். தெருவுக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்து, பல்செட்காரர் பறக்கிறார் என்று கையசைக்கிறார்கள். அவரும் சுத்தியலோடு ஷெட்டிலிருந்து வெளியே வந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்க்கிறார்.

"பரவாயில்ல, நல்லாத்தான் திருப்புறான்," என்றார் போன வாரம் என்னிடம். விமானம் மரங்களுக்கு அப்பால் மறையும்வரைகூட நிற்கவில்லை. பற்றவைக்கச் சூடாக்கிய புனல் ஆறிவிடும் என்று உள்ளே போய்விட்டார்.